நடு வீட்டின் வருமானம் எவ்வளவு?

ஜூன் மாதம் வந்துவிட்டால் வில்லாபுரத்தில் இ-சேவை மையங்களின் வாசலில் கிடக்கும் செருப்புகளை வைத்தே உள்ளே எவ்வளவு கூட்டம் என்று சொல்லிவிடலாம். கல்லூரிச் சேர்க்கைக் காலம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையோடு நிற்பார்கள். இந்த ஆண்டு அப்படி நின்றவர்களில் திருமங்கலம் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி. வில்லாபுரத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கப்போகிறாள். அவளோடு அதே தெருவைச் சேர்ந்த இன்னும் மூன்று பிள்ளைகள். நான்கு பேரின் வருமானச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்தேன். நான்கிலும் ஒரே தொகை: ஆண்டுக்கு 72,000 ரூபாய்.

ஒரு வீட்டில் அப்பா கொத்தனாருக்குக் கையாள். இன்னொரு வீட்டில் அப்பாவே இல்லை. மூன்றாவது வீட்டில் இரண்டு பேர் மில் வேலைக்குப் போகிறார்கள். நான்காவது வீட்டுக்காரர் சொந்தமாக ஷேர் ஆட்டோ வைத்திருக்கிறார். ஆனால், சான்றிதழில் நான்கு வீடும் ஒரே நிறை.

இது யாரும் திட்டமிட்டுச் செய்த மோசடி இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு காலத்தில் வருமான உச்சவரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. அந்த எண்ணுக்குள் இருந்தால் எந்தத் திட்டத்துக்கும் தடை வராது என்று மக்களுக்கும் தெரியும், எழுதுகிறவர்களுக்கும் தெரியும். பின்னாளில் அந்த உச்சவரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. எண் மட்டும் பழக்கத்தில் தங்கிவிட்டது. பட்டியல் சாதி மாணவர்களின் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானம் 2,50,000 ரூபாய் வரை இருக்கலாம். அதற்குள் உண்மையை எழுதினாலே போதும். ஆனாலும், 72,000 என்று இருந்தால்தான் மனதுக்கு நிம்மதி.

“உண்மையில வீட்டுக்கு எம்புட்டும்மா வரும்?” என்று அந்த மாணவியின் தாயாரிடம் கேட்டேன். “அதெல்லாம் யாரு தம்பி கணக்குப் பாத்தா? வரும், போகும்” என்றார். சரி, இன்றைக்குப் பார்த்துவிடுவோம் என்று டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது.

அப்பாவுக்கு ஒரு நாள் கூலி 700 ரூபாய். மாதத்தில் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, அவர் சொன்னது இருபது. அவர் மனைவி சொன்னது பத்து. மழைக்காலம், மணல் தட்டுப்பாடு, காய்ச்சலில் படுத்தது, திருவிழா எல்லாவற்றையும் கழித்து ஆண்டுக்கு 150 நாள் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். 1,05,000 ரூபாய். அம்மாவுக்கு நூறு நாள் வேலையில் கிடைத்தது 52 நாள்தான். அளவு பார்த்துப் போட்டதில் கைக்கு வந்தது நாளுக்கு 280. ஆக 14,560. நடவு, களையெடுப்பு, பருத்தி எடுப்பு என்று 45 நாள், 300 ரூபாய் வீதம் 13,500. வளர்த்த ஆட்டில் இரண்டு குட்டிகளை விற்றது 11,000. மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வீதம் 12,000. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மூத்த மகன் எட்டு மாதம் மும்மூவாயிரம் அனுப்பியிருக்கிறான், 24,000. கூட்டினால் 1,80,060 ரூபாய். மாதத்துக்குப் பதினைந்தாயிரம்.

சான்றிதழில் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு. அந்தத் தாயார் அதை நம்பவில்லை. “பதினஞ்சாயிரம் வந்தா நான் ஏன் தம்பி குழுவுல கடன் வாங்குறேன்?” என்றார்.

வருமானக் கணக்கின் சிக்கல் எல்லாம் இந்த ஒரு வீட்டிலேயே இருக்கிறது. ரேஷனில் விலையில்லாமல் வாங்கும் இருபது கிலோ அரிசி வருமானமா? கடையில் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 9,600 ரூபாய் ஆகிறது. அப்பா மதுரைக்கு வந்துபோகும் பஸ் செலவையும் டீச்செலவையும் நாளுக்கு 80 ரூபாய் என்று கழித்தால் 12,000 குறைகிறது. மகளிர் குழு வழியாக வாங்கிய கடன் 50,000 ரூபாயை அவர் ‘வரவு’ என்றே சொன்னார். கையில் வந்த பணம்தானே! ஆனால், கடன் வருமானம் ஆகாது. திருப்பூரில் இருக்கும் மகன் இந்த வீட்டு ஆளா, இல்லையா? அவன் மாதம் 14,000 வாங்குகிறான். குடும்ப அட்டையில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது. அவன் அனுப்பும் பணத்தை மட்டும் சேர்த்தால் வீட்டின் வருமானம் 1,80,060. அவனையே வீட்டு ஆளாகச் சேர்த்தால் 3,24,060. அவனை விட்டுவிட்டால் 1,56,060. ஒரே வீடு, ஒரே அடுப்பு. யார் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை இரண்டு மடங்காகிறது.

கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானம்தான் கணக்கு. மகளிர் உரிமைத் தொகைக்கோ குடும்ப வருமானம். உச்சவரம்பு இரண்டுக்கும் 2,50,000 ரூபாய். மகனின் சம்பளத்தைச் சேர்த்துச் சொன்னால் மாதம் வரும் ஆயிரம் ரூபாய் போய்விடுமோ என்ற பயம் அந்தத் தாயாருக்கு இருந்தால் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வீட்டுக்கே இப்படி என்றால் ஒரு ஒன்றியத்துக்கு, ஒரு மாவட்டத்துக்கு எப்படிக் கணக்கிடுவது? அதையும் பத்து, இருபது ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக எப்படிச் சொல்வது?

முதலில் சராசரி என்ற சொல்லிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு சிற்றூரில் பதினொரு வீடு என்று கற்பனை செய்துகொள்வோம். மாத வருமானம் வரிசையாக 4,000, 6,000, 7,500, 8,000, 9,000, 10,000, 12,000, 14,000, 18,000, 25,000. பதினோராவது வீடு கல்குவாரிக்காரர் வீடு, 1,50,000. எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 23,950 ரூபாய். ஆகா, நல்ல ஊர் என்று தோன்றும். ஆனால், அந்தச் சராசரியைத் தொடும் வீடுகள் இரண்டே இரண்டு. மற்ற ஒன்பது வீடும் அதற்குக் கீழே. வரிசையில் நடுவில் இருக்கும் ஆறாவது வீட்டைப் பாருங்கள்: 10,000 ரூபாய். ஐந்து வீடு அதற்கு மேலே, ஐந்து வீடு அதற்குக் கீழே. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் ‘இடைநிலை அளவு’ என்று படித்திருப்பீர்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும் என்பதோடு பலரும் அதை மறந்துவிடுகிறோம். குவாரிக்காரர் வருமானம் நாளைக்கே மூன்று லட்சம் ஆனாலும் நடு வீடு அசையாது. ஊர் உண்மையிலேயே முன்னேறினால்தான் அது நகரும்.

இந்தியாவில் சாதிவாரியாக நடு வீட்டு வருமானத்தைக் கண்டறிந்த ஆய்வு ஒன்று உண்டு. டெல்லியில் உள்ள தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-05ஆம் ஆண்டில் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு. நாடு முழுவதும் 41,554 குடும்பங்களிடம், ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை வருவாயைத் தனித்தனியாகக் கேட்டார்கள். சராசரிக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 47,804 ரூபாய். நடு வீட்டு வருமானம் 27,857 ரூபாய்தான். இரண்டுக்கும் நடுவில் இருபதாயிரம் ரூபாய்ப் பள்ளம். சாதிவாரியாகப் பார்த்தால் முன்னேறிய சாதிகளின் நடு வீட்டுக்கு 48,000. பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கு 26,091. தலித்துகளுக்கு 22,800. ஆதிவாசிகளுக்கு 20,000. இந்தப் பத்தியைப் படிக்கும் மாணவர்கள் இந்த எண்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். மேடையில் யாராவது “இப்ப எல்லாரும் சமமாயிட்டாங்க” என்று பேசும்போது உதவும்.

அதே குடும்பங்களையே 2011-12இல் மீண்டும் தேடிப்போய்க் கேட்டார்கள். காலத்தோடு வருமானம் எப்படி மாறுகிறது என்று பார்க்க இதுதான் சிறந்த வழி. ஆனால், இது நாட்டுக்கான, அதிகம் போனால் மாநிலத்துக்கான கணக்கு. மதுரை மாவட்டத்தின் மேலூருக்கோ சேடப்பட்டிக்கோ இதிலிருந்து எதுவும் பிரித்தெடுக்க முடியாது.

அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்ட்டிகள் இருக்கின்றன. நம்மூர் ஒன்றியம், வட்டம் போல ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் பட்டிக்காட்டுக் கவுன்ட்டிக்கும் நடு வீட்டு வருமானம் என்ன என்று அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை வெளியிடுகிறது. 65,000 பேருக்கு மேல் இருக்கும் இடங்களுக்கு ஆண்டுதோறும் தனிக் கணக்கு. சிறிய இடங்களில் ஓராண்டில் கேட்கும் வீடுகள் போதாது என்பதால் ஐந்தாண்டு பதில்களைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே இந்த எண் இவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற பிழை அளவையும் போடுகிறார்கள். ஓர் எச்சரிக்கையும் தருகிறார்கள்: 2009 முதல் 2013 வரையிலான கணக்கை 2014 முதல் 2018 வரையிலான கணக்கோடு ஒப்பிடலாம். 2010 முதல் 2014 வரை என்ற கணக்கோடு ஒப்பிடக் கூடாது. நான்கு ஆண்டு பதில்கள் இரண்டிலும் பொதுவாக இருப்பதால், மாற்றம் எது என்று தெரியாது. பிழை அளவை வெட்கப்படாமல் சொல்வதுதான் எனக்குப் பிடித்தது. நம் அலுவலகங்களில் 72,000 என்றால் 72,000தான்.

இங்கே நமக்கு என்ன கிடைக்கிறது? 2011இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு வீடு வீடாக வந்தது. ஆனால், வருமானத்தின் அளவைப் பற்றி அது கேட்டது ஒரே கேள்வி: வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழா, 5,000 முதல் 10,000 வரையா, 10,000க்கு மேலா? கிராமப்புற இந்தியாவில் 74.5 சதவீதக் குடும்பங்கள் முதல் படியில் நின்றன. பட்டியல் சாதிக் குடும்பங்களில் 83.5 சதவீதம். பாதிக்கு மேல் முதல் படியில் இருப்பதால் நடு வீடும் அங்கேதான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. ஊர்த்தெருவின் நடு வீடு 4,500இலும் காலனியின் நடு வீடு 2,500இலும் இருந்திருந்தால்கூட இரண்டும் ஒரே கட்டத்தில்தான் விழும். மூன்றே படி வைத்த ஏணியில் யார் உயரம், யார் குட்டை என்று எப்படித் தெரியும்? அந்தக் கணக்கெடுப்பில் திரட்டிய சாதி விவரமோ இன்றுவரை முழுதாக வெளியே வரவில்லை.

தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2012-13இல் 6,980 ரூபாயாகவும் 2018-19இல் 11,924 ரூபாயாகவும் இருந்ததாக அதில் வருகிறது. செய்தித்தாள்களில் ‘கிராம மக்களின் வருமானம் உயர்வு’ என்று வரும்போது இந்த எண்ணைத்தான் தூக்கி வைப்பார்கள். ஆனால், இந்த ஆய்வின்படி விவசாயக் குடும்பம் என்றால் சொந்தமாகப் பயிரோ, கால்நடையோ வைத்து ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் விளைச்சல் காட்டும் குடும்பம். அடுத்தவர் வயலில் கூலிக்கு மட்டும் போகிற குடும்பம் இதில் இல்லை. நடவு நடுகிறவள் விவசாயி இல்லை, வரப்பில் குடையோடு நிற்பவர்தான் விவசாயி. நிலமற்ற தலித் குடும்பங்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கின் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடுகிறது.

மிச்சம் இருப்பது நுகர்வுச் செலவுக் கணக்கு. 2023-24இல் கிராமப்புற இந்தியாவில் ஒருவர் மாதம் செலவழித்தது சராசரியாக 4,122 ரூபாய். தமிழ்நாட்டுக் கிராமங்களில் 5,701 ரூபாய். நாட்டளவில் கிராமப்புறப் பட்டியல் சாதியினர் செலவு 3,878, மற்ற சாதியினர் எனப்படும் பொதுப் பிரிவினர் செலவு 4,642. இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லையே என்று தோன்றும். செலவை வைத்து வருமானத்தை ஊகிப்பதில் இருக்கும் ஆபத்து அதுதான். அந்த 50,000 ரூபாய்க் குழுக் கடனில் ஓட்டு வீட்டுக்குத் தரை போட்டார்கள், மகளுக்குச் செல்போன் வாங்கினார்கள். செலவுக் கணக்கில் அது வசதி. வாரம்தோறும் தவணை கேட்டு வாசலில் நிற்பவரை அந்தக் கணக்குக்குத் தெரியாது.

அரசுக்கு இந்தக் குறை தெரியாமல் இல்லை. 1950களிலேயே வருமானத்தை நேரடியாகக் கேட்டுப் பார்த்தார்கள். 1964-65இல் நடந்த 19ஆம் சுற்றிலும் 1969-70இல் நடந்த 24ஆம் சுற்றிலும் மறுபடி முயன்றார்கள். மக்கள் சொன்ன வருமானம், அவர்களே சொன்ன செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருந்தது. வாங்குவதைவிட அதிகம் செலவழிக்கும் நாடாக இந்தியா தெரிந்தது. சரிவராது என்று விட்டுவிட்டார்கள்.

காலம் கடந்து ஒரே ஊரைப் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் வேறொரு மரபு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமங்களுக்கு அனுப்பினார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, பழைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான், நமக்குத் தெற்கே இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் வடமலாபுரம் ஆகியவை அவற்றில் சில. நிலம் யாரிடம், மாடு எத்தனை, கூலி என்ன, கடன் எவ்வளவு என்று எழுதினார்கள். 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குப் போனார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் போனார்கள். ஒரே ஊரைத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டுப் பார்த்த கணக்கு உலகத்திலேயே அரிது.

1916இல் இருவேல்பட்டுச் சேரியில் இருந்தவர்களில் பலர் படியாட்கள். கல்யாணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணைக்கு உழைத்தவர்கள். அவர்களின் வருமானம் ரூபாயில் இல்லை, மரக்காலில் இருந்தது. களத்தில் அளந்து கொடுத்த நெல், தீபாவளிக்கு ஒரு துணி. இதை எப்படி ரூபாயாக்குவது? அன்றைய நெல் விலையால் பெருக்கலாம். ஆனால், எந்த மரக்கால்? கொடுக்கும் மரக்கால் ஒன்று, வாங்கும் மரக்கால் ஒன்று என்று வைத்திருந்த ஊர்களைப் பற்றி எங்கள் பாட்டி சொல்லுவார். 2008இல் அங்கே படியாள் முறை இல்லை. பண்ணையின் பிடி தளர்ந்திருந்தது. வெளி வேலைகள், ரேஷன் அரிசி, அரசின் நலத்திட்டங்கள் இவற்றால் தலித்துகள் நிலவுடைமையாளரை நம்பியிருக்க வேண்டிய கட்டாயம் குறைந்திருந்தது. வருமானம் பெரிதாகப் பாய்ந்து ஏறிவிட்டது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. யாரிடம் கைகட்டி நின்று வாங்க வேண்டும் என்பது மாறியிருந்தது. எந்த இடைநிலை அளவிலும் வராத மாற்றம் அது.

நம் மாவட்டத்துக்கு நூறு நாள் வேலை வந்தது 2008 ஏப்ரலில். அப்போது கூலி 80 ரூபாய். 2025-26க்கு அறிவித்த கூலி 336. நான்கு மடங்குக்கும் மேல்! ஆனால், விவசாயத் தொழிலாளருக்கான அகில இந்திய விலைக் குறியீடு அதே காலத்தில் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. ஆக அன்றைய 80 ரூபாய் இன்றைக்கு 240 ரூபாய். உண்மையில் கூடியது நாளுக்கு 96 ரூபாய். அந்தத் தாயார் கைக்கு வந்தது 280தான் என்றால், பதினேழு ஆண்டில் அவருக்குக் கூடியது 40 ரூபாய். பழைய ஆண்டின் எந்த வருமானத்தையும் இப்படி இன்றைய விலைக்கு மாற்றாமல் ஒப்பிடக் கூடாது.

அந்தக் குறியீட்டிலும் ஒரு கதை இருக்கிறது. 2025இல் 2019ஐ அடிப்படையாகக் கொண்டு புதுப்பிக்கும் வரை அதன் அடிப்படை ஆண்டு 1986-87. எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பதை 1983இல் கூலித் தொழிலாளர்கள் வாங்கியதை வைத்து முடிவு செய்திருந்தார்கள். 1983இல் காலனியில் யார் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தார்கள்? யார் கல்லூரி பஸ்ஸுக்குக் கட்டணம் கட்டினார்கள்? இத்தனை ஆண்டாக நம் வீட்டுச் செலவை அளந்த தராசில் நம் பிள்ளைகளின் இன்றைய படிப்புச் செலவுக்கு உரிய இடம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இடம் மாறினாலும் ரூபாயின் எடை மாறும். காலனியில் பதினைந்தாயிரத்தில் ஓடும் வீடு வில்லாபுரத்துக்கு வந்தால் வாடகைக்கே பாதி போய்விடும். தண்ணீரும் காசுதான். தண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரல் 23 அன்று வெட்டிக் கொல்லப்பட்டது இதே வில்லாபுரத்தில்தான். ஊரிலிருந்து கிளம்பி வந்தவர்களை ஊர்க் கணக்கு விட்டுவிடுகிறது. நகரக் கணக்கில் அவர்கள் பழைய தெருவின் பெயர் இல்லை. கூட்டுக் குடும்பம் இரண்டாகப் பிரிந்தால் யாருக்கும் ஒரு ரூபாய் குறையாமலே ‘குடும்ப வருமானம்’ குறைந்துவிடும். மகன் திருப்பூருக்குப் போனாலும் அப்படித்தான். அதனால் குடும்ப வருமானத்தோடு, அதை எத்தனை தலைக்குப் பங்கு போடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது ஏன் இதையெல்லாம் பேசுகிறேன் என்றால், தேசியக் குடும்ப வருமான ஆய்வு ஒன்றை 2026 பிப்ரவரியில் தொடங்கப்போவதாக மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2025 ஜூனில் அறிவித்தது. பொருளாதார அறிஞர் சுர்ஜித் பல்லா தலைமையில் நிபுணர் குழுவும் அமைத்திருக்கிறார்கள். வருமானத்துக்கென்றே நாடு முழுவதும் நடத்தத் திட்டமிட்ட முதல் முழு ஆய்வு இது. எல்லா வீட்டுக்கும் வர மாட்டார்கள். மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குத்தான் வருவார்கள். மதுரை மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில்தான். மாநிலத்தில் இருபது பேர். ஆகவே மாவட்டத்தில் நூறு கிராமப்புற வீடுகளைக் கேட்டால் அதில் காலனி வீடு பதினைந்தோ இருபதோ இருந்தால் அதிகம். அத்தனை வீட்டை வைத்து நம் நடு வீட்டைச் சொன்னால் பிழை அளவு பெரிதாகத்தான் இருக்கும். மாவட்டவாரியாக, சாதிவாரியாக நம்பும்படி ஒரு எண் வேண்டுமென்றால் மாதிரியில் பட்டியல் சாதி வீடுகளைக் கூடுதலாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகு எடையிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். இது புள்ளியியலில் வழக்கமான முறைதான். நம் அமைப்புகள் இப்போதே கேட்க வேண்டிய கோரிக்கை இது. சராசரியோடு இடைநிலை அளவையும், பிழை அளவையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது இன்னொன்று. நிலமற்ற கூலிக் குடும்பத்தைத் தனி வகையாகக் காட்ட வேண்டும் என்பதும்.

கணக்கெடுத்து என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அங்கிருந்த பறையர் மக்களின் குடிசை, உணவு, கூலி, கடன் எல்லாவற்றையும் விசாரித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணை 1010 அதன் தொடர்ச்சி. பஞ்சமி நிலம் அப்படித்தான் வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலம் இன்று யார் கையில் என்பது வேறு கட்டுரை.

கதவைத் தட்டி வருமானம் கேட்கும்போது நம் மக்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. தெரு முழுக்க ‘ஆறாயிரம்’ என்று சொன்னால் எல்லா வீடும் ஒரே வீடாகிவிடும். உண்மையிலேயே ஆறாயிரத்தில் ஓட்டும் விதவைத் தாயின் வீடு அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். மாதிரி ஆய்வில் சொல்லும் பதிலை வைத்து யாருடைய ரேஷன் கார்டையும் உரிமைத் தொகையையும் பறிப்பதில்லை. தனி வீட்டு விவரத்தைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் இத்தகைய ஆய்வுகளின் விதி. இதை ஆய்வுக்கு வருபவர் சொல்லும் முன்பே, அந்தந்தத் தெருவில் படித்த பிள்ளைகள் சொல்லி வைத்தால் நல்லது. கேட்க வருபவர் ஊர்த்தெருக்காரராக இருந்து, ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துவந்தால், அவர் முன்னால் யார் உண்மைக் கூலியைச் சொல்வார்கள்? வீட்டுக்குள் உட்கார்ந்து, தனியாகக் கேட்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

அந்த மாணவி பி.காம். சேர்ந்துவிட்டாள். அன்றைக்கு டீக்கடையில் கணக்குப் போட்ட நோட்டை அவளிடமே கொடுத்து, மாதாமாதம் வீட்டு வரவை எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். போன வாரம் வில்லாபுரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது நோட்டை எடுத்துக் காட்டினாள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் ஒழுங்காக இருந்தது. அப்பா வேலைக்குப் போன நாள், பஸ் காசு, அண்ணன் அனுப்பியது, தேதியோடு. செப்டம்பர் மாதத்தில் 18,000 ரூபாய் வரவு என்று எழுதி, எங்கிருந்து என்பதை மட்டும் விட்டிருந்தாள்.

“அது கம்மலு அடகு வச்சது மாமா. எழுதாதன்னு அம்மா சொல்லிருச்சு, அப்பாவுக்குத் தெரியாதாம்” என்றாள்.

அடகு வைத்தது வருமானத்தில் வராது என்று சொல்லி, அந்த வரியை அடிக்கச் சொன்னேன். பக்கத்தில் வேறொரு பத்தி போட்டு, கடன் என்று எழுதிக்கொண்டாள்.